சொல்லும் காவலாகும்

மைசூர்வாழ் தமிழர் மானசகங்கோத்ரியை நன்கு அறிவர். பேச்சும் செவியும் குன்றியோர்க்கென 1965ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அகில இந்திய நிறுவனம் அங்கே பணியாற்றி வருகிறது. பேசாத வாய்க்கு ஒரு சொல் கிடைப்பின் வாழ்வே மாறும் என்பதை அங்குச் சென்று வருவோர் உணர்வர். அறிவு வளர்ச்சி குன்றியோர்க்குத் தம் உடலைப் பற்றிய சொற்களைக் கற்பிப்பதும் அத்தகைய பணியே. ஆயினும் அதனைப் பேச நாம் கூசுகிறோம்.

அக்கூச்சத்தால் விளையும் தீமை சிறிதன்று. சண்டீகரில் அரசுக் காப்பகமொன்றில் வாழ்ந்த, அறிவு வளர்ச்சி குன்றிய இளம்பெண் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றமை 2009ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. கருவைக் கலைக்குமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அவரோ குழந்தையைப் பெற விரும்பினார். அவருடைய இசைவின்றிக் கருக்கலைப்புக் கூடாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மகப்பேறு, குடும்ப நலம் பற்றிய செய்திகள் இவர்களுக்கும் கிடைக்க வகைசெய்கிறது. இசைவின்றி மலடாக்கும் சிகிச்சையையும் தடுக்கிறது.

இசைவதற்கும் மறுப்பதற்கும் முதலில் அறிவு வேண்டுமன்றோ? கற்பித்தால் இல்லாத ஆசை எழுமென அஞ்சுவோர் உளர். கற்பித்தாலும் கற்பியாவிடினும் உடல் வளரும், பூப்பும் வரும். அறியாதவர் அச்சமே அடைவர்.

கற்பிக்கும் முறை எளிது. படத்தையும் பொம்மையையும் காட்டி உறுப்புகளின் பெயரைச் சொல்லுதல். மாதவிடாயை அது வருமுன்னரே விளக்குதல். கதவடைத்துச் செய்யவேண்டியவை இவையெனக் காட்டுதல். எவர் எங்கே தொடலாம், எப்போது மறுக்கலாம் என்பதை நடித்துப் பழக்குதல். ஒரு நாளில் முடிவதன்று, பன்முறை சொல்லவேண்டும். தீங்கு செய்பவர் காப்பாளராகவே இருத்தலும் கூடும். ஆதலின் முறையிடத்தக்க இருவரை அறிமுகம் செய்க. அவருள் ஒருவர் இல்லத்திற்கு வெளியே இருப்பவராதல் நன்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட யான் ஒன்று கூற விழைகிறேன். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை, கன்னடம் வழங்கும் இல்லத்தில் சேரும்போது, தாய் கற்பித்த சொல் காப்பாளர்க்கு விளங்காது போகலாம். 'வேண்டாம்' என்பதோடு 'பேடா' என்பதையும் பிள்ளைக்குப் பழக்குக. வீட்டுச் சொற்களை எழுதி இல்லத்தாரிடம் கொடுக்க. அடுத்த முறை பிள்ளையைக் காணச் செல்லும்போது, தின்பண்டத்தோடு இக்குறிப்பையும் எடுத்துச் செல்வீராக.