நீண்ட சொல்லில் அழுத்தம் எங்கே?

தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் சொல்லின் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்திலோ அழுத்தம் இடம் தவறினால், கேட்பவருக்குச் சொல்லே விளங்காமல் போகலாம். (அசை என்பது இங்கு ஓர் உயிரொலியைச் சுற்றி அமையும் ஒலிக்கூறு. யாப்பில் நீங்கள் படிக்கும் நேரசை, நிரையசை வேறு.)

'தெர்மாமீட்டர்' என்னும் சொல்லைப் பாருங்கள். பொருள் நோக்கில் அது 'தெர்மோ', 'மீட்டர்' என இரண்டாகப் பிரியும். ஒலி நோக்கிலோ தெர்-மாம்-இ-டர் என நான்கு அசைகள். 'மாம்' மட்டும் ஓங்கி ஒலிக்கும். வெட்டு 'மீட்டரின்' குறுக்கே அல்லவா விழுகிறது!

அழுத்தம் இடம் பெயர்வதும் உண்டு. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையிலும், 'ஃபோட்டாகிராஃபி' என்பதில் இரண்டாம் அசையிலும், 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாம் அசையிலும் அது விழுகிறது. சொல்லின் ஈறே இதற்குக் காரணம். 'கிராஃபி', 'லஜி' என முடிபவற்றில் கடைசியிலிருந்து மூன்றாம் அசையை அழுத்த வேண்டும். 'இக்' என முடிந்தால், பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையை.

இனி ஒரு பூதத்தைப் பிடிப்போம். 1924-இல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். அம்முறையின் பெயர் இ-லெக்-ட்ரோ-என்-செ-ஃப-லா-க்ர-ஃபி. ஒன்பது அசைகள்! கடைசியிலிருந்து எண்ணுங்கள்: 'லா'வில்தான் முதன்மை அழுத்தம்.

அளவைப் பெயர்களுக்கு வழி வேறு. சென்டிமீட்டர், மில்லிமீட்டர் இரண்டிலும் முதல் அசையே அழுந்தும். கிலோமீட்டரும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஆங்கிலேயரிலும் அமெரிக்கரிலும் பலர் தெர்மாமீட்டரைப் போலவே இரண்டாம் அசையை அழுத்துகிறார்கள். அகராதிகள் இரண்டையும் ஏற்றுக்கொண்டுவிட்டன.