நதியின் மாசும் கலைஞன் தொண்டும்

நதியின் எழிலைப் பாடாத புலவரும், அதனைத் தீட்டாத ஓவியரும் எந்நாட்டிலும் அரியர். ஆயின், அந்நதியே மாசடைந்து மீனும் வாழவொண்ணாத நிலையை எய்துங்கால், கலைஞன் செய்யக்கடவது யாது? பண்டை எழிலையே தீட்டுவானாயின் அது பொய்யாகும். மாசினைத் தீட்டுவானாயினும், மக்கள் அப்படத்தை நோக்கிச் சிறிது இரங்கித் தத்தம் இல்லம் ஏகுவர், படம் நாறுவதில்லையன்றோ! இவ்விரண்டினும் வேறான நெறியொன்றை 1972-ஆம் ஆண்டில் ஹான்ஸ் ஹாக்கே என்னும் ஜெர்மானியக் கலைஞர் காட்டினார்.

ஹாக்கே, ரைன் நதிக்கரையிலுள்ள கோலோன் நகரில் 1936-இல் பிறந்தவர். ரைன், ஆல்ப்ஸ் மலையில் தோன்றி, தொழிற்சாலைகள் மலிந்த பல நகரங்களைக் கடந்து வடகடலிற் கலப்பது. அந்நகரங்களின் சாக்கடை நீரும் ஆலைகளின் இரசாயனக் கழிவும் அதன்கண் வீழ்ந்தமையால், ‘ஐரோப்பாவின் சாக்கடை’ என்னும் இழிபெயரையும் அது பெற்றது. பட்டு நெசவிற்குப் பெயர்போன கிரேஃபெல்ட் நகரும் இக்குற்றத்திற் பங்குடையதே. அக்காலத்தில் அந்நகர் ஒன்றே ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 கோடியே 20 லட்சம் கன மீட்டர் கழிவுநீரை ரைனில் விட்டுவந்தது.

அந்நகருக்குரிய ‘ஹவுஸ் லாங்கே’ என்னும் கலைக்கூடத்திலேயே ஹாக்கே தம் படைப்பை அமைத்தார். அதன் அமைப்பு வருமாறு: மாசுற்ற நீர் பெரிய கண்ணாடிக் குப்பிகளில் கொணர்ந்து வைக்கப்பெற்றது. அதனை ஒரு தொட்டியுள் இறைத்துச் சில இரசாயனப் பொருள்களைச் சேர்க்க, அழுக்குத் திரண்டு அடியிற் படிந்தது. மேலே தெளிந்த நீர், கரியினூடும் மணலினூடும் வடிகட்டப்பெற்று, அகன்ற மற்றொரு தொட்டியை அடைந்தது. அத்தொட்டியில் தங்கமீன்கள் நீந்தின. எஞ்சிய நீர் குழாய் வழியே தோட்டத்தை அடைந்து மண்ணிற் சுவறியது.

“இஃது இரசாயன நூலார் செய்கையன்றோ? இதிற் கலை யாண்டுளது?” எனச் சிலர் வினவக்கூடும். பொருள்களை நிரல்பட நிறுத்திக் காண்பார் உள்ளத்தில் ஓர் உண்மையை எழுப்புவதே ஈண்டுக் கலையாயிற்று. ஒருபுறம் கலங்கிய குப்பி. மறுபுறம் உயிருள்ள மீன். இரண்டிற்கும் இடைவெளி சில அடிகளே. அவ்வடிகளைக் கடந்தவர், தம் ஊர் நதிக்குச் செய்யும் தீங்கினையும், அது தவிர்க்கக்கூடியதே என்பதனையும் ஒருங்கே உணர்ந்தனர். எண்ணைக் காட்டி வாதிப்பாரை எண்ணைக் காட்டியே மறுக்கலாம். நீந்தும் மீனை மறுத்தல் அரிது. கழிவை விட்ட நகரின் கூடத்திலேயே அச்சாட்சி நிறுத்தப்பட்டமை நோக்கத்தக்கது.

நிற்க, இப்படைப்பு ரைனைத் தூய்மையாக்கியதோ எனின், இல்லை. கோடிக்கணக்கான கன மீட்டருக்கு எதிரே சில குப்பிகள் எம்மாத்திரம்! நதி தேறியது சட்டங்களாலும், சுத்திகரிப்பு நிலையங்களாலும், கரையோர நாடுகளின் உடன்படிக்கைகளாலுமே ஆகும். 1986 நவம்பர் 1-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரருகே இரசாயனக் கிடங்கொன்று தீப்பற்ற, நெருப்பணைத்த நீருடன் நஞ்சும் நதியிற் பாய்ந்து பல்லாயிரம் விலாங்கு மீன்களை மாய்த்தது. அதன்பின் 1987-இல் கரையோர நாடுகள் கூடி வகுத்த திட்டத்தின் இலக்குகளுள் தலையாயது யாதெனின், அந்நதியில் அற்றுப்போன சால்மன் மீன் 2000-ஆம் ஆண்டிற்குள் திரும்பிவரல் வேண்டும் என்பதே. அம்மீன்களும் பின்னர்த் திரும்பிவந்தன. அரசுகள் ஹாக்கேயைப் பின்பற்றின என்று கூறுவதற்கில்லை. எனினும், பதினைந்து ஆண்டுகட்கு முன் கலைஞர் ஒருவர் நாடிய சாட்சியையே அவையும் நாடின என்பது சிந்திக்கத்தக்கது.

கலை நதியைக் கழுவாது. “யாம் அறியேம்” என்று நாம் கூறும் சாக்கினையே அது கழுவிவிடும். அறிந்தபின் செய்யவேண்டுவன கலைஞன் கடனல்ல, நம் கடனே.