ஊர்க் கணக்கும் ஊரார் சாட்சியும்

மாமல்லபுரத்துக் கடற்கரையில் ஒரு மனை வாங்க விரும்புகிறவர் முதலில் விசாரிப்பது விலையையன்று, வில்லங்கத்தையே. மூலப்பத்திரம் எங்கே, பட்டா யார் பேரில் இருக்கிறது, சிட்டாவும் அடங்கலும் பத்திரத்தோடு ஒத்திருக்கின்றனவா, இடையில் ஆள்மாறாட்டம் ஏதும் நடந்திருக்கிறதா என்று அவர் வாசல் வாசலாகக் கேட்டுத் திரிய வேண்டியிருக்கிறது. கோவளம் முதல் கல்பாக்கம் வரை நிலத்தின் விலை ஏறிற்று. விலையோடு பொய்ப் பத்திரமும் பெருகிற்று. செங்கற்பட்டுக் கோர்ட்டு வராந்தாவில் அரை நாள் நின்று பார்த்தவர்களுக்கு இதைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்தொல்லைக்குப் பரிகாரமாகத் தமிழ்நாட்டுச் சட்டசபை 1908ம் வருஷத்து ரிஜிஸ்டிரேஷன் சட்டத்தைத் திருத்திற்று. 2022ல் அமுலுக்கு வந்த 77-ஏ பிரிவு, பொய்ப் பத்திரங்களை ரத்துச் செய்யும் அதிகாரத்தை ஜில்லா ரிஜிஸ்திராருக்கு அளித்தது. 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் அப்பிரிவு அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று தள்ளிவிட்டது. சொத்துரிமையைப் பற்றிய வழக்கை ஓர் உத்தியோகஸ்தர் தமது மேஜையிலேயே தீர்த்துவிடலாகாது என்பது நமக்கும் சம்மதமே. ஆனால் நோய் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்நிலையில் ‘பிளாக்செயின்’ என்னும் நூதனக் கணக்கு முறையைப் பற்றிய பேச்சு எழுந்திருக்கிறது. தமிழ்நாட்டு சர்க்கார் 2020ல் இதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. அதன் மின்னாளுகை முகமை ‘நம்பிக்கை இணையம்’ என்ற பெயரால் ஒரு சங்கிலியை அமைத்தது. ஜனங்கள் தங்கள் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளும் ‘இ-பெட்டகம்’ அதன்மேல் எழுந்தது. மத்திய சர்க்காரும் 2024ம் வருஷம் செப்டம்பர் 4ந் தேதி தேசீய பிளாக்செயின் கட்டமைப்பை ஆரம்பித்து, ‘விஸ்வஸ்யா’ என்னும் தொகுப்பை வெளியிட்டது. இம்முயற்சிகளை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், இவற்றின் உயிர்நிலை எதுவோ அதைப் பற்றி மட்டும் பேச்சில்லாதிருப்பது கண்டு இதனை எழுதத் துணிந்தோம்.

உயிர்நிலை யாது? பிளாக்செயின் என்பது ஒரு கணக்குப் புஸ்தகம். அதன் ஒவ்வொரு ஏடும் தனக்கு முந்திய ஏட்டின் கைரேகையைத் தன்னுள் தாங்கியிருக்கிறது. நடுவே ஓர் ஏட்டில் ஓர் எழுத்தை மாற்றினால், அதன் பின்னுள்ள ஏடுகளெல்லாம் ஒவ்வாமற் போய் மோசம் வெளியாகிவிடும். இவ்வளவு மட்டும் போதுமோவெனில், போதாது. புஸ்தகம் முழுவதும் ஒருவனிடத்திலேயே இருந்தால், அவன் எல்லா ஏடுகளையும் மறுபடி எழுதி வைத்துவிடுவான். ஆகையால் அதே புஸ்தகத்தைப் பலர் தத்தம் வீட்டில் வைத்துக்கொண்டு, புதிதாக வரும் ஒவ்வோர் ஏட்டையும் சோதித்து, ஒப்புக்கொண்டோம் என்று கையெழுத்திடுகிறார்கள். அவர்களுடைய யந்திரங்களை நிபுணர்கள் ‘வேலிடேட்டர் நோடு’ என்கிறார்கள். நாம் சாட்சி நிலையம் என்போம். சாட்சிகள் ஒருவருக்கொருவர் கடமைப்படாதவர்களாயிருப்பதில்தான் சங்கிலியின் வலிமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

உலகத்தில் பெரியதாகிய எத்தீரியம் என்னும் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். அதில் 12 விநாடிக்கு ஒருமுறை ஓர் ஏடு எழுதப்படுகிறது. எழுதுகிறவர் சீட்டுக் குலுக்கியது போன்ற முறையால் தெரிந்தெடுக்கப்படுகிறார். வைக்கப்பட்ட பிணையில் மூன்றில் இரண்டு பங்குக்குரியவர்கள் ஒப்பினால்தான் ஏடு உறுதியாகும். சாட்சியாக விரும்புகிறவர் குறைந்தது 32 ஈத்தர் நாணயம் பிணை வைக்க வேண்டும். யந்திரம் நின்றுவிட்டால் சிறு அபராதம்; ஒரே வேளைக்கு இரண்டு முரணான கையெழுத்திட்டால் பிணையில் ஒரு பங்கு பறிபோவதோடு, சபையிலிருந்தும் நீக்கம். பலர் ஒரே சமயத்தில் கூடித் தவறு செய்தால் தண்டனை இன்னும் கடுமையாகிறது. தனி மனிதனுடைய பிழை வேறு, கூட்டுச் சதி வேறு என்று அறிந்து செய்த ஏற்பாடு இது.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் சங்கிலிகள் ஒருவர் கைக்குள் அடங்கிவிடக்கூடும் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம். 2022 நவம்பரில் ஜெர்மனி தேசத்து ஹெட்ஸ்னர் என்னும் கம்பெனி, சொலானா என்ற சங்கிலியின் யந்திரங்களுக்குத் தன் கட்டடங்களில் இடமில்லையென்று நிறுத்திவிட்டது. சுமார் ஆயிரம் சாட்சி நிலையங்கள் ஒருமிக்க அணைந்தன. அச்சாட்சிகள் பெயரளவில் பல பேர். குடியிருந்ததோ ஒரே வீட்டுக்காரனிடம். மிகுந்தவை வேறிடங்களில் இருந்தமையால் சங்கிலி அறுபடாமல் தப்பியது.

இந்த உரைகல்லிலே நமது சர்க்காரின் சங்கிலிகளை உரைத்துப் பார்ப்போம். விஸ்வஸ்யா தொகுப்பின் நோடுகள் புவனேசுவரம், புனா, ஹைதராபாத் ஆகிய ஊர்களிலுள்ள தேசீய தகவலியல் மையத்தின் கூடங்களில் அமைந்திருப்பதாக அது ஆரம்பமானபோது அறிவிக்கப்பட்டது. ஊர் மூன்று, எசமானர் ஒருவரே. புயலும் வெள்ளமும் வந்து ஒரு கூடம் அழிந்தால் மற்ற இரண்டும் காக்கும், அது நன்மையே. ஆனால் எசமானரே ஓர் ஏட்டை மாற்ற விரும்பினால், ‘மாற்றாதே’ என்று மறுக்கும் சாட்சி எங்கேயிருக்கிறது? ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவரைக் கூண்டில் ஏற்றி, மூன்று சாட்சி என்று எண்ணும் நியாயாதிபதியை நாம் கண்டதில்லை.

கணக்கு ஒருவர் கையில் அடங்குவதால் விளையும் கேட்டைச் செங்கற்பட்டுச் சீமை இரண்டு விதத்தில் அனுபவித்திருக்கிறது. 1763ல் ஆர்க்காட்டு நவாபு இச்சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767க்கும் 1774க்கும் இடையே பர்னார்டு என்னும் எஞ்சினீயர் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தபோது, அவருக்கு ஆதாரமாயிருந்தவை கிராமக் கணக்குப் பிள்ளைகளின் பனையோலைகளே. ஊரிலுள்ள வீடு எத்தனை, ஏரி எத்தனை, நன்செய் எவ்வளவு, விளைவில் இன்னின்ன தொழிலாளிக்கு இன்ன பங்கு என்பதெல்லாம் ஓலையிலிருந்தது. அன்று கணக்கு ஊரிலிருந்தது. சர்க்கார் அதை ஊரிடம் கேட்டுப் பெறவேண்டியிருந்தது. பின்னர் கணக்கின் சாரமெல்லாம் கச்சேரிக்குச் சென்றது. தன் நிலத்தின் கதையை அறியக் குடியானவன் கச்சேரி வாசலில் கைகட்டி நிற்கலானான்.

பழையதையெல்லாம் பொன்னென்று புகழ்வது நமது கருத்தன்று. ஊரிலேயே இருந்தாலும் கணக்கு ஒருவர் கைக்குள் இருந்தால் அதுவும் கேடுதான். கர்ணத்தின் கையெழுத்தே ஊரின் தலையெழுத்து என்றிருந்த காலம் நம் பெரியோர்களுக்கு நினைவிருக்கும். பரம்பரையாக வந்த அப்பதவியை 1980ல் தமிழ்நாட்டு சர்க்கார் ஒழித்தது. டில்லியிலிருந்தாலென்ன, தெருக்கோடியிலிருந்தாலென்ன, தனிக் கை தனிக் கையே.

பல கைகளில் பொறுப்பைப் பகிர்ந்து, அந்தக் கைகளையும் கட்டுக்குள் வைப்பது எப்படி என்பதை நாம் அமெரிக்காவிடம் போய்ப் படிக்க வேண்டியதில்லை. செங்கற்பட்டிலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்தில் உத்தரமேரூர் இருக்கிறது. பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததாகிய அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலே, முதற் பராந்தக சோழன் காலத்தில் 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் உள்ளன. முப்பது குடும்புகளாக ஊர் பிரிக்கப்பட்டிருந்தது. வாரியத்துக்கு வருகிறவனுக்குக் கால் வேலிக்கு மேல் இறை நிலமும், சொந்த மனையில் வீடும், கல்வியும் வேண்டும். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, குடத்தை யாவரும் காணத் தூக்கிக் காட்டி, உள்ளிருப்பது இன்னதென்றறியாத ஒரு பாலகனைக் கொண்டு ஓலை எடுப்பித்தார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்று, உரக்க வாசிக்க வேண்டும். பதவி 360 நாள். கடந்த மூன்று வருஷங்களில் வாரியம் செய்தவனுக்கு மறுபடி இடமில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமன்றி, அவன் நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. அபராதங் கண்டால் அன்றே நீக்கம்.

பிணை, சீட்டு, தவணை, தண்டனை ஆகிய நான்கும் இங்கே இருக்கக் காண்கிறோம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 919ல் வயது வரம்பு முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்தது. இரண்டே வருஷத்தில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாற்றினார்கள். மாற்றியதை மறைக்காமல், பழைய விதியும் புதிய விதியும் ஒரே சுவரில் நிற்கும்படி வெட்டி வைத்தார்கள். திருத்தலாம், அழிக்கலாகாது என்னும் தர்மம் அந்தக் கல்லில் இருக்கிறது.

அதன் குறையையும் சொல்லாமல் விடலாகாது. அது பிராமண சபை. நிலமில்லாதவருக்கும், பெண்களுக்கும், உழைத்த பெருங்கூட்டத்தாருக்கும் அங்கே இடமில்லை. இன்றைய எத்தீரியத்திலும் அதே நிழல் விழுந்திருக்கிறது. 32 ஈத்தரென்பது பல லட்ச ரூபாய். அவ்வளவு பொருளில்லாதவர்கள் சிறு தொகைகளைத் திரட்டிப் பெருங் கூட்டாளிகளிடம் ஒப்படைக்க, லைடோ என்னும் ஒரே கூட்டின் கை 2023ல் பிணை முழுவதிலும் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிற்று. பணமே சாட்சியானால் பணக்காரனே நியாயாதிபதியாவான்.

ஆகையால் நிலம், சான்றிதழ், பிறப்பு இறப்பு முதலிய பொது ஜனப் பதிவுகளுக்கு நாணயப் பிணை வேண்டாம். ஸ்தாபனங்களின் நற்பெயரும் சட்டப் பொறுப்புமே பிணையாகட்டும். நமது யோசனை இது: நம்பிக்கை இணையத்தின் சாட்சி நிலையங்களில் பாதிக்கு மேற்பட்டவை சர்க்காரின் நேர் ஆதிக்கத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பரீட்சையாகச் செங்கற்பட்டு ஜில்லாவில் தொடங்கலாம். ஜில்லா நீதிமன்றத்துக்கு ஒன்று, வக்கீல் சங்கத்துக்கு ஒன்று, புதுப்பாக்கத்துச் சட்டக் கல்லூரிக்கு ஒன்று, செங்கற்பட்டு ராஜேசுவரி வேதாசலம் கல்லூரிக்கு ஒன்று, கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மீனவ கிராமங்களுக்கும் சில என்று பகிர்ந்தளிக்கட்டும். சங்கங்களையும் கிராமங்களையும் குடவோலையால் தெரிந்தெடுத்துத் தவணை முறையில் மாற்றட்டும். கணக்குக் காட்டாத ஸ்தாபனம் மறுமுறை வரலாகாது.

நடத்துவது கஷ்டமோ என்று கேட்பார்கள். இப்படிப்பட்ட சங்கிலிக்கு மாளிகை போன்ற யந்திரசாலை வேண்டியதில்லை. நல்ல கம்ப்யூட்டர் ஒன்று, அறாத மின்சாரம், இரண்டு கம்பெனிகளின் இணைய இணைப்பு, பொறுப்புள்ள இருவர் போதும். மின்சாரச் செலவைப் பற்றிய பழைய அச்சமும் பெரும்பாலும் நீங்கிற்று; எத்தீரியம் 2022 செப்டம்பரில் சுரங்க முறையை விட்டுச் சாட்சி முறைக்கு வந்தபோது அதன் மின்சாரச் செலவு நூற்றில் 99 பங்குக்கு மேல் குறைந்தது. நமது கரைக்கு உண்மையான சத்துரு புயல். 2022 டிசம்பர் 9ந் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகேதான் கரையேறிற்று. அத்தகைய இரவில் ஒரு நிலையம் அணைந்தால் பெருமோசமில்லை. மற்றவை எழுதிக்கொண்டிருக்கும், மறுநாள் விடுபட்ட ஏடுகளைப் பிரதி செய்துகொள்ளலாம். அணைந்துவிடுமோ என்றஞ்சி ஒரே சாவியை இரண்டு யந்திரங்களில் ஏற்றி வைப்பதே ஆபத்து. இரண்டும் விழித்துக்கொண்டு இருவேறு கையெழுத்திட்டால், பிறழ்சாட்சி சொன்னவன் கதிதான். மௌனமாயிருந்த சாட்சியை மன்னிக்கலாம். இரண்டு நாக்குள்ள சாட்சியை மன்னிக்கலாகாது.

தனிமையில் எத்தீரியம் முதலிய சங்கிலிகளில் பிணை வைக்க எண்ணும் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் முதல் இந்நாணயங்களின் லாபத்துக்கு நூற்றுக்கு 30 வரியுண்டு. வட்டி நிச்சயமென்று ஆசை காட்டி உங்கள் சாவியைக் கேட்கிறவன் சாட்சியல்லன், திருடன்.

ரகசியம் வெளியாகாதா என்பது மற்றோர் ஆக்ஷேபம். பத்திரமே சாட்சி நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. அதன் கைரேகை மட்டும் போனால் போதும். கைரேகையைக் கொண்டு பத்திரத்தை ஒப்பிடலாமேயன்றி, அதிலிருந்து பத்திரத்தை வாசிக்க முடியாது.

இச்சங்கிலி எல்லாப் பிணியையும் தீர்க்கும் மருந்து என்று நாம் சொல்லவில்லை. நமது சட்டப்படி ரிஜிஸ்டர் ஆவது பத்திரமேயன்றி உரிமையன்று. பொய்யனொருவன் ஆள்மாறாட்டஞ் செய்து பதிந்த பத்திரமும் சங்கிலியில் ஏறினால், அந்தப் பொய்யும் அழியாமல் நிற்கும். பொய்யைப் பொய்யென்று தீர்மானிப்பது கோர்ட்டின் வேலை. அத்தீர்ப்பு உத்தரமேரூர்ச் சுவரிற் போலப் பழைய ஏட்டுக்குப் பின்னால் புதிய ஏடாக ஏறவேண்டும். சங்கிலி செய்யக்கூடியது ஒன்றே: இரவோடிரவாக ஒருவரும் அறியாமல் ஏடு மாறாதிருக்கச் செய்வது. பட்டாவில் பெயர் மாறிப்போன ஏழைக்கு அந்த ஒன்றே பெரிது. எந்தத் தேதியில், யாருடைய கையெழுத்தால் மாறிற்று என்று காட்டத் தெரிந்தால், அவன் வழக்குப் பாதி ஜெயித்த மாதிரி.

நம்பிக்கை என்பது சர்க்கார் அச்சடித்து வினியோகிக்கும் சரக்கன்று. ஜனங்கள் தாமே பார்த்து, தாமே சோதித்து, தாமே கையெழுத்திட்டாலன்றி அது பிறவாது. ஆட்சியிலே சுயராஜ்யம் பெற்ற தேசம் கணக்கிலே பராதீனமாயிருத்தல் அழகன்று. சென்னையிலுள்ள சர்க்கார் அந்தச் சுவரிலிருக்கும் எழுத்தை ஒருமுறை போய் வாசித்துவிட்டு வந்து, தங்கள் சங்கிலியின் சாவிகளை ஊராரோடு பகிர்ந்துகொள்ள முன்வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.