காப்பீடு உண்டு, காப்புத்தான் இல்லை!

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே செல்வந்தனுக்கும் நோய் வருகிறது, பாட்டாளிக்கும் வருகிறது. ஆனால் பாட்டாளிக்கு நோயோடு கடனும் சேர்ந்தல்லவா வருகிறது!

1965இல் முதியோருக்கு மெடிகேர், ஏழையருக்கு மெடிக்கெய்டு என்று சட்டமாக்கினார் ஜான்சன். இடையிலே நிற்கும் உழைப்பாளிக்கு? முதலாளி தரும் காப்பீடுதான் நிழல். வேலை போனால் அந்த நிழலும் போகும்!

2024இல் அத்தகைய குடும்பக் காப்பீட்டின் ஆண்டுச் சந்தா சராசரி 25,572 டாலர். அதில் தொழிலாளியின் பங்கு 6,296. கட்டினால் கவலை தீர்ந்ததா? இல்லை! பெரும்பாலும், குறிப்பிட்ட தொகை வரை கைப்பணத்தைக் கொட்டிய பிறகே கம்பெனியின் கஜானா திறக்கும்.

2010இல் ஒபாமா சட்டம் வந்தது. பழைய நோயைக் காட்டி விரட்டும் கொடுமைக்கு முடிவு கட்டியது. வாழ்த்துகிறோம். ஆயினும் 2023இல் காப்பீடே இல்லாதோர் சுமார் 2.6 கோடி!

பிள்ளையின் நெற்றியைத் தொட்ட கையால் பணப்பையையும் தடவிப் பார்க்கிறாளே தாய், அதற்குப் பெயர் சுதந்திரமா? கேட்கிறோம்!