மியூசியத்தில் கைக்கு என்ன வேலை?

மியூசியம்னு சொன்னதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது 'தொடாதீர்கள்' போர்டுதான். கண்ணுக்கு டிக்கெட் உண்டு, கைக்குக் கிடையாது. ஆனா அந்தக் கை சும்மா இருக்குமா? நம்ம ஊர்ப் பழைய கோயில், கோட்டைச் சுவர்களில் ஒரு பேரு, ஒரு இதயம், நடுவுல ஒரு அம்பு... பார்த்திருப்பீங்க. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் இப்படிக் கீறினால், 1958-ம் ஆண்டுச் சட்டப்படி 2 வருஷம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அது சரிதான், எனக்கும் பார்த்தா எரிச்சல்தான் வரும். இருந்தாலும் அந்தக் கீறலில், 'நானும் இங்க ஏதாவது செய்யணும்'கிற ஆசையும் தெரியுது. அந்த ஆசைக்கு வேற வழி காட்டினா என்ன ஆகும்? இந்த எபிசோட் அதைப் பத்திதான். நாம போகப்போற மூணு இடமும் ஒரே ரோட்டுல இருக்கு: ஈசிஆர்.

முதலில் ஈஞ்சம்பாக்கம். இப்போ சென்னை மாநகராட்சி. 1966-ல் செங்கல்பட்டு மாவட்டம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தன் மாணவர்களோடும் சக கலைஞர்களோடும் சேர்ந்து அங்கே உருவாக்கியதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். நவீன ஓவியம் வாங்க அன்னைக்கு ஆள் குறைவு. அதனால அவங்க பாத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருட்களைச் செய்து விற்றாங்க. ஓவியத்துக்கான நேரத்தை அதுதான் வாங்கிக் கொடுத்தது. 'நான் ஆர்ட்டிஸ்ட், மெழுகு உருக்கித் துணிக்குச் சாயம் போட மாட்டேன்'னு நினைச்சிருந்தா அந்தக் கிராமமே நிலைச்சிருக்காது. 2009-ல் அங்கே ஒரு மியூசியமும் திறந்தாங்க. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பு, பித்தளையில் செய்த சிற்பங்களைப் பாருங்க. பட்டறையில் பழகிய கை அதில் தெரியும். ஆனா அங்கே நாம இன்னும் பார்வையாளர்தான்.

கை உள்ளே வருவது முட்டுக்காட்டில். மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனின் தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் தொடங்கியது, 1996-ல் மக்களுக்குத் திறந்தது. தென் மாநிலங்களில் இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே திரும்பக் கட்டியிருக்காங்க. சமகால ஓவியர்களின் கண்காட்சிகளும் நடக்கும். ஆனா சனி, ஞாயிறு வர்ற இளைஞர்கள் கூட்டமா நிற்கிறது குயவரின் சக்கரத்துக்கிட்ட.

சக்கரத்தில் உட்கார்ந்தா முதல் பாடம் பானை இல்லை, நடு. மண் உருண்டை துளி விலகி இருந்தாலும் போதும், சக்கரம் வேகம் எடுத்ததும் ஆட ஆரம்பிக்கும். சுவர் ஒரு பக்கம் தடிக்கும், மறுபக்கம் மெலியும், அப்படியே உட்கார்ந்துடும். பக்கத்தில் இருக்கிறவர் உங்க கை மேல கை வெச்சு ஒரு அழுத்து அழுத்துவார், மண் அடங்கிடும். 'எப்படிண்ணா?'ன்னு கேட்டா பெரும்பாலும் சிரிப்புதான் பதில்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நம்ம ஊர் உருண்டை அடிப் பானை சக்கரத்தில் முழுசா பிறக்கிறதில்லை. வாயும் தடித்த சுவரும் சக்கரத்தில் வரும். கொஞ்சம் காய்ந்த பிறகு, உள்ளே ஒரு கல்லைத் தாங்கலா வெச்சு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடிப்பக்கத்தை மூடி, வயிற்றை உருட்டுவாங்க. இது தெரிஞ்ச பிறகு பொங்கல் பானையை வாங்கும்போது கை தானா அதோட அடியைத் தடவிப் பார்க்கும்.

ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆர்ட் கேலரியில் 2002-ல் ஒரு வெள்ளை அறை செய்தார். நாற்காலி, சுவர் எல்லாமே வெள்ளை. வர்றவங்க கையில் கலர் பொட்டு ஸ்டிக்கர். எங்க வேணும்னாலும் ஒட்டலாம். நாள் போகப்போக அறையே பொட்டுக்குள்ள மறைஞ்சுடும். அருமையான யோசனை. ஆனா அங்கே யாருடைய பொட்டும் தப்பாகாது. ஸ்டிக்கர் நம்மை எதிர்க்காது. மண் எதிர்க்கும். எனக்கு அந்த எதிர்ப்புதான் முக்கியமா படுது.

சரி, இதில் சிக்கலே இல்லையா? இருக்கு. அஞ்சு நிமிஷம், ஒரு ரீல், அடுத்த ஆள்னு போனா, குயவர் வேடிக்கை காட்டுறவரா ஆயிடுவார். கேலரியில் ஓவியத்துக்குக் கீழே ஓவியர் பேர் இருக்கும். பானைக்குக் கீழே பெரும்பாலும் இருக்காது. அதனால போனா அவர் பேரைக் கேளுங்க. உங்க பானை முடிஞ்சதும் எழுந்து ஓடாம, அவரை ஒண்ணு செய்யச் சொல்லி முழுசா பாருங்க.

அப்புறம் நேரா மாமல்லபுரம். அரசு சிற்பக் கல்லூரி 1957-லிருந்து அங்கே இருக்கு. தெருவோரப் பட்டறைகளில் உளிச் சத்தம் கேட்கும். இந்த ஊர்க் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எல்லாரும் அர்ஜுனன் தபசு முன்னாடி போட்டோ எடுப்பாங்க. நான் சொல்றது முடிக்காத வேலைகளைத் தேடிப் போங்கன்னு. பஞ்ச ரதங்களில் பீம ரதத்தைப் பாருங்க: மேலே கூரை முடிஞ்சிருக்கு, கீழே முடியலை. அதாவது மேலிருந்து கீழே குடைந்து வந்திருக்காங்க. சாரம் கட்டாமலே முடிஞ்சிருக்கும். விட்டுப்போன குடைவரைகளில் பாறை மேல் கட்டம் கட்டமா ஆழமான கோடுகள் இருக்கும். கோடு வெட்டி, நடுவில் புடைத்து நிற்கிற கட்டிகளை உடைத்து எடுப்பாங்க; பிறகு அடுத்த ஆழத்துக்கு மறுபடி கோடு.

அங்கே உளி வேண்டாம். நோட்டும் பென்சிலும் போதும். ஒரு கட்டத்தை மட்டும் வரைஞ்சு பாருங்க. எது உடைபட்டது, எது உடைபடக் காத்திருக்குன்னு பிரிச்சு வரையவே அரை மணி நேரம் ஆகும். வெயில் சாயுறப்போ போங்க, அப்போதான் அந்தக் கோடுகளில் நிழல் விழும்.