காளை முட்டிய காயத்தைச் சிறிதென எண்ணாதீர்கள்
ஜல்லிக்கட்டுக் காளை மட்டுமன்று, வீட்டில் வளர்த்த காளையும் முட்டக்கூடும். தாக்குவதற்கு முன் அது உடலைப் பக்கவாட்டில் திருப்பி நிற்கும், தலையைத் தாழ்த்தும், முன்காலால் மண்ணைக் கிளறும். அப்போது முதுகைக் காட்டி ஓடாமல், அதனைப் பார்த்தவாறே மெல்லப் பின்வாங்கி வேலிக்கு அப்பால் செல்லுங்கள். நேர் பின்புறம் அதன் கண்ணுக்குத் தெரியாது. அங்கிருந்து நெருங்க வேண்டா.

கொம்பு குத்திய துளை தோலில் சிறிதாகத் தோன்றினும், உள்ளே குடலோ இரத்தக்குழாயோ கிழிந்திருக்கலாம். வெளிக்காயமே இல்லாத ஊமைக்காயத்திலும் இது நேரும். ஆகவே 108 ஊர்தியை உடனே அழையுங்கள். இரத்தம் கசிந்தால் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். குடல் வெளிவந்திருந்தால் உள்ளே தள்ளாமல், தூய ஈரத்துணியால் மூடுங்கள். மஞ்சளோ சாணமோ பூசாதீர்கள். உண்ணவும் பருகவும் எதுவும் கொடுக்காதீர்கள். இரணஜன்னித் தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.