‘ஃபியூ’, ‘எ ஃபியூ’: தமிழாக்கத்தில் ஏகாரத்தின் பணி

ஆங்கிலத்தில் ‘ஃபியூ’, ‘எ ஃபியூ’ ஆகிய இரண்டும் குறைந்த எண்ணிக்கையைச் சுட்டுவன. இரண்டும் எண்ணத்தகு பெயர்களின் பன்மை வடிவத்தோடு வரும். வினையும் பன்மையாகவே அமையும். எனவே இரண்டையும் ‘சில’ எனப் பெயர்த்துவிடும் வழக்கம் மொழிபெயர்ப்பாளரிடையே காணப்படுகிறது. ஆனால் முன்வரும் ‘எ’ என்னும் ஓரெழுத்துச் சொல் கூற்றின் நோக்கையே திருப்பிவிடுகிறது.

ஒரு மருத்துவ அறிக்கையில் 100 நோயாளிகளுள் 5 பேர் நலம் பெற்ற செய்தி வருவதாகக் கொள்வோம். ‘எ ஃபியூ பேஷன்ட்ஸ் ரெகவர்ட்’ என்றால் நலம் பெற்றோர் உளர் என்பது கருத்து. ‘ஃபியூ பேஷன்ட்ஸ் ரெகவர்ட்’ என்றால் பெரும்பாலோர் நலம் பெறவில்லை என்பது கருத்து. எண்ணிக்கை ஒன்றே. பின்னதைச் ‘சில நோயாளிகள் நலம் பெற்றனர்’ என எழுதுபவர் கவலைக்குரிய செய்தியை ஆறுதல் செய்தியாக்கிவிடுகிறார்.

‘ஃபியூ’ வெளிப்படையான எதிர்மறைச் சொல் அன்று. எனினும் எதிர்மறை போலவே இயங்கும். 1964-இல் கிளைமா ஆங்கில எதிர்மறையை ஆராய்ந்தபோது கையாண்ட சோதனைகளுள் ஒன்று ஒட்டு வினா. ‘ஃபியூ பீப்பிள் கேம்’ என்பதன்பின் ‘டிட் தே?’ என்னும் உடன்பாட்டு வினா வரும். ‘எ ஃபியூ பீப்பிள் கேம்’ என்பதன்பின் ‘டிடின்ட் தே?’ என்னும் எதிர்மறை வினா வரும். ‘எனி’, ‘எவர்’ போன்ற சொற்களும் ‘ஃபியூ’வை அடுத்து இயல்பாக வருகின்றன.

தமிழில் இவ்வேறுபாட்டைப் பெரிதும் தாங்குவது பிரிநிலை ஏகாரம். தொல்காப்பியம் ஏகாரத்திற்குக் கூறும் ஐந்து பொருள்களுள் பிரிநிலையும் ஒன்று. ‘சிலர் வந்தனர்’ என்பது ‘எ ஃபியூ’; ‘சிலரே வந்தனர்’ என்பது ‘ஃபியூ’. பேச்சு வழக்கில் ‘தான்’ இப்பணியைச் செய்கிறது. ஏகாரம் தேற்றப் பொருளில் மயங்கக்கூடிய இடங்களில் ‘மிகச் சிலரே’ என்பது பாதுகாப்பானது.

ஆயினும் ஏகாரம் எல்லா இடத்தும் போதாது. ‘ஃபியூ விக்டிம்ஸ் ரிசீவ்ட் எனி ஹெல்ப்’ என்னும் தொடரை ‘பாதிக்கப்பட்டோருள் சிலரே எந்த உதவியும் பெற்றனர்’ என எழுத இயலாது. ‘எந்த உதவியும்’ என்பது இங்கு எதிர்மறை வினையை வேண்டி நிற்கிறது. ஆகவே ‘பாதிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் எந்த உதவியும் பெறவில்லை’ என எதிர்மறையை வினைக்கு மாற்ற வேண்டும். இழப்பீடு கோரும் மனுக்களிலும் சாட்சியங்களிலும் இதன் விளைவு சிறிதன்று.

‘எ’ என்பதற்கு நேராக ‘ஒரு’வைச் சேர்த்து ‘ஒரு சிலர்’ என்பாரும் உண்டு. என் செவிக்கு அது ‘சிலர்’ என்பதினும் எண்ணிக்கையைச் சுருக்குகிறது. ஆங்கிலத்தில் ‘எ’ உடன்பாட்டு நோக்கைத் தருகிறது. தமிழில் ‘ஒரு’ குறைவை உணர்த்துகிறது. வடிவ ஒற்றுமை இங்கு வழிகாட்டியாகாது.

‘குவைட் எ ஃபியூ’ இன்னும் ஏமாற்றும். ‘குவைட்’ என்பதை ‘மிக’ எனக் கொண்டு ‘மிகச் சிலர்’ என்றால் பொருள் தலைகீழாகும். ‘கணிசமானோர்’ அல்லது ‘பலர்’ என்பதே பொருத்தம். ‘ஒன்லி எ ஃபியூ’ மட்டும் ‘எ’ இருந்தும் ‘சிலரே’ ஆகிறது.

எண்ணத்தகாப் பெயர்களோடு வரும் ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ இணைக்கும் இதுவே முறை: ‘குளத்தில் சிறிதளவே நீர் இருந்தது’, ‘குளத்தில் சிறிதளவு நீர் இருந்தது’.